வெள்ளை விருந்தில் ஒரு கிளிப்பச்சை

போன மாதம் கப்பலில் போய்விட்டு வந்தோம்.

சிரிக்காதீர்கள். பெங்களூர்க்காரிக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? எங்கள் ஊரில் இருப்பது ஏரி. அதிலும் பாதியை மண் கொட்டி மூடி பஸ் ஸ்டாண்டு, ஸ்டேடியம் என்று கட்டிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து கிளம்பி, சிங்கப்பூர் வரைக்கும் விமானத்தில் போய், அங்கே ஒரு சொகுசுக் கப்பலில் ஏறி, மூன்று நாள் கடலிலேயே சுற்றிவிட்டு, ஏறிய இடத்திலேயே இறங்கினோம்.

எந்த ஊருக்குப் போனீர்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். எந்த ஊருக்கும் போகவில்லை, கப்பலுக்குத்தான் போனோம் என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை... ஏறும் வரை எனக்கும் புரியவில்லை.

அழைத்துப் போனவள் என் அக்கா மகள் கவிதா. ஓசூர் ரோட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. மாப்பிள்ளை ஆன்சைட் என்று அமெரிக்காவில் போய் உட்கார்ந்திருக்கிறார். அவர் எப்போது வருவது, நாம் எப்போது ஊர் சுற்றுவது என்று ஒருநாள் கேட்டாள். அடுத்த வாரமே அவளுடைய அம்மாவுக்கும், சித்தியான எனக்கும், என் வீட்டுக்காரருக்கும் பாஸ்போர்ட் தூசி தட்டப்பட்டது.

அக்காவை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும் — இந்தப் பக்கத்தில் அவ்வப்போது தலை காட்டியிருக்கிறாள். பெயர் சரோஜா. நீலசந்திராவில் வீடு. பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் தையல் வேலைக்குச் சேர்ந்து, சூப்பர்வைசராகி, கவிதாவை ஒற்றை ஆளாகப் படிக்க வைத்தவள். கலர் என்றால் உயிர். கப்பலில் முதல் நாள் ஆபத்துக்காலப் பயிற்சி என்று எல்லோருக்கும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டார்கள். மற்றவர்கள் முகத்தில் கிலி. அக்கா மட்டும் தன் கத்திரிப்பூ நிறப் புடவைக்கு அது எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் மாலை, மேல்தளத்தில் தீம் பார்ட்டி.

அப்படியென்றால் என்ன என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எல்லோரும் ஒரே மாதிரி டிரஸ் போட்டுக்கொண்டு ஒன்றாகச் சாப்பிட்டு ஆடுவது என்றாள் கவிதா. பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் முப்பது வருஷம் காக்கி யூனிஃபார்மில் கேன்டீன் வரிசையில் நின்றவர் அவர். ஆட்டத்தைத் தவிர மற்றதெல்லாம் செய்தாயிற்று என்றார்.

அன்றைய தீம், வெள்ளை. தலை முதல் கால் வரை வெள்ளைதான் போட வேண்டும். இன்டர்நெட்டில் இதை முன்னாடியே பார்த்துவிட்டு, கவிதா எங்களுக்குத் தெரியாமல் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் எல்லோருக்கும் துணி எடுத்து வைத்திருந்தாள். மத்தியானம் சாப்பிட்டு வந்ததும் கட்டிலில் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். வீட்டுக்காரருக்கு ஜிப்பா. போட்டுப் பார்த்தார் — வார்டு எலெக்‌ஷனில் நிற்கப் போகிறவர் மாதிரி இருந்தார். எனக்கு சல்வார் கமீஸ், ஐம்பது வயதுக்கு மேல், வாழ்க்கையில் முதல் தடவையாக. அக்காவுக்கு ஒரு வெள்ளைப் புடவை. வெள்ளை நூலிலேயே உடம்பு முழுக்கப் பூ வேலை.

அக்கா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தையல்காரியின் விரல்கள் அல்லவா? பின்பக்கம் திருப்பி முடிச்சுகளைத் தடவிப் பார்த்தாள்.

"நல்ல வேலைப்பாடு," என்றாள். அவ்வளவுதான்.

கவிதாவுக்கு அது போதவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் உற்சாகம் குறையவில்லை. நீலக் கடல் பின்னால் இருக்க, நாங்கள் நாலு பேரும் வெள்ளையில் நிற்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துப் பெரிதாக ஹாலில் மாட்ட வேண்டும் என்பது அவள் திட்டம். கப்பல் போட்டோகிராபரிடம் நேரம் சொல்லி வைப்பதற்கு ஓடினாள்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அக்காவை ஆம்பூர் பக்கம் கொடுத்தோம். அத்தான் நல்ல மனிதர். கவிதா தவழ்ந்துகொண்டிருந்தபோது மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அக்காவுக்கு அப்போது இருபத்தி மூன்று வயதுகூட நிரம்பவில்லை. காரியத்தன்று அவளை நடுவீட்டில் உட்கார வைத்து ஒரு வெள்ளைப் புடவையைச் சுற்றினார்கள். அந்த வீட்டில் அதுதான் வழக்கமாம். அப்பா ஏதோ சொல்ல வந்தார். பெண் வீட்டுக்காரர் பேச்சை யார் கேட்டார்கள்?

அந்தப் புடவையோடு அங்கேயே இரண்டு வருஷம் இருந்தாள். விடிந்ததும் வாசல் பக்கம் வரக்கூடாது. யாராவது வெளியே கிளம்பினால் எதிரே வரக்கூடாது. நாத்தனாருக்கு வளைகாப்பு நடந்தபோது பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அப்பா ஒருநாள் பார்க்கப் போனவர், யாரிடமும் சண்டை போடாமல் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அக்காவைக் கையோடு பெங்களூருக்கு அழைத்து வந்துவிட்டார்.

ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை, கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் கிளிப்பச்சைப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கப்புறம் அவள் உடம்பில் வெள்ளை பட்டதே கிடையாது. வீட்டில் ஒரு வெள்ளைத் தலையணை உறைகூட இருக்காது. ஏன் என்று கேட்டால், அழுக்கு தெரியும் என்பாள்.

கவிதாவுக்கு இதெல்லாம் தெரியாது. வெள்ளைப் புடவை என்றால் என்ன அர்த்தம் என்பதுகூடவா தெரியாது என்று நீங்கள் கேட்கலாம். அவள் எங்கே பார்த்தாள்? அவள் வளர்ந்த தெருவில் புருஷனை இழந்தவர்கள் பூப்போட்ட நைலக்ஸ் புடவை கட்டிக்கொண்டு ஷிஃப்டுக்கு ஓடினார்கள். வெள்ளை என்றால் அவளுக்கு நர்ஸ், சர்ச் கல்யாணம், இப்போது கப்பல் பார்ட்டி.

சாயங்காலம் ஆயிற்று. சல்வாரை மாட்டிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் அக்காவின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினேன். கவிதா முன்பே மேலே போய்விட்டிருந்தாள்.

அக்கா திறந்தாள். அந்தப் புடவையைக் கட்டியிருந்தாள்.

அழகாகத்தான் இருந்தாள். கண்ணாடி முன் போய் நின்று முந்தானையை இழுத்து விட்டாள். கொசுவத்தை நீவினாள். பிறகு கை அப்படியே நின்றுவிட்டது.

"அவளேதான் நிக்கறா, வசந்தி," என்றாள்.

கண்ணாடியில் இருந்தவளைத்தான் சொன்னாள்.

பிறகு புடவையை அவிழ்த்து, நிதானமாக மடித்துக் கட்டிலில் வைத்தாள். நைட்டியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"புள்ள ஆசையா வாங்கியிருக்கா. கட்டிடலாம்னுதான் பார்த்தேன்... முடியல. தலைவலின்னு சொல்லிடு."

வேறு ஏதாவது கலரில் கட்டிக்கொண்டு வா என்றேன். எல்லோரும் வெள்ளையில் இருக்கும்போது தான் மட்டும் கலரில் போனால் கவிதா காரணம் கேட்பாள், என்னவென்று சொல்வது என்றாள். உள்ளதைச் சொல்லிவிடலாமே என்றதற்குத் தலையை ஆட்டினாள். இவ்வளவு சந்தோஷமாக அழைத்து வந்திருக்கிறாள், அவள் வாங்கிய புடவையே அம்மாவைக் கலங்க வைத்தது என்று அவளுக்கு ஏன் தெரிய வேண்டும்? என்னிடம் சத்தியம் வாங்காத குறை.

வாராவாரம் ஊருக்கே கதை சொல்கிறவளிடம் இப்படி ஒரு பொறுப்பைக் கொடுக்கலாமா? கொடுத்துவிட்டாள். நான் மேலே போனேன்.

சும்மா சொல்லக்கூடாது, மேல்தளம் கொள்ளை அழகு. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நீச்சல் குளத்தைச் சுற்றி வெள்ளைப் பலூன். பிலிப்பைன்ஸ் பாட்டுக் கோஷ்டி. குஜராத்திக் குடும்பங்கள், சீனக் குடும்பங்கள், மைசூர் பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் வெள்ளையில். யார் எந்த ஊர் என்று முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். என் வீட்டுக்காரர் ஜிப்பா கையை மடித்து விட்டுக்கொண்டு ஐஸ்கிரீம் கவுண்டர் பக்கம் ஒதுங்கினார். யாரோ ஒரு சர்தார்ஜி அவர் கையைப் பிடித்து இழுக்க, ஐந்து நிமிடத்தில் அவரும் ஆடிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தோளை அசைத்து நான் பார்த்ததில்லை.

எனக்கு மட்டும் எதுவும் இறங்கவில்லை. தட்டில் எடுத்தது தட்டிலேயே இருந்தது.

கவிதா வந்தாள். வெள்ளை கவுன், காதில் வெள்ளைப் பூ. அம்மாவுக்குத் தலைவலி என்றதும் முகம் விழுந்துவிட்டது. மாத்திரை போட்டாளா, சாப்பிட்டாளா, கடல் ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டாள். நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"புடவை புடிக்கலையா சித்தி?"

நல்ல வேலைப்பாடு என்றுதான் அம்மா சொன்னாள் என்றேன்.

"அம்மா எங்கிட்ட எதையுமே வேணும்னும் சொல்லமாட்டாங்க, வேணாம்னும் சொல்லமாட்டாங்க. நானா கண்டுபிடிக்கணும். ஒவ்வொரு தடவையும் தப்பாவே கண்டுபிடிக்கிறேன்."

அதைக் கேட்டபோது பாவமாக இருந்தது. அம்மா மகளை வருத்தக் கூடாது என்று வாயை மூடிக்கொள்கிறாள். அந்த வாய் மூடியிருப்பதே மகளுக்கு வருத்தமாக இருக்கிறது. நடுவில் நான், சல்வார் கமீஸில்.

போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கவிதா கிளம்பினாள். நானும் பின்னாலேயே போனேன். அறையைத் திறந்தால்... அக்கா இல்லை. கட்டிலில் மடித்த வெள்ளைப் புடவை மட்டும் இருந்தது. பாத்ரூமிலும் இல்லை. எங்கள் அறையிலும் இல்லை. சாப்பாட்டுக்கூடத்தில் இல்லை. கடைகள் இருக்கிற பக்கம் இல்லை. செல்போனில் சிக்னல் போய் ஒரு நாளாகிறது. வீட்டில் ஆளைக் காணோம் என்றால் மார்க்கெட்டுக்குப் போயிருப்பாள், கோயிலுக்குப் போயிருப்பாள் என்று சமாதானம் செய்துகொள்ளலாம். கப்பலில் என்ன நினைப்பது? எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். கவிதா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படிகளில் ஓட ஆரம்பித்துவிட்டாள். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமோ?

கடைசியில் அகப்பட்டது எங்கே தெரியுமா? பார்ட்டி நடக்கிற அதே மேல்தளத்தில்தான். மேடைக்குப் பின்புறம், கப்பலின் வால் பக்கமாக இரண்டு நாற்காலி. ஒன்றில் அக்கா, கிளிப்பச்சைப் புடவையில். இன்னொன்றில் தாவணகெரேயிலிருந்து மகன் குடும்பத்தோடு வந்திருந்த ஒரு அம்மாள். வெள்ளைப் புடவை, நெற்றியில் பெரிய குங்குமம். முதல் நாள் சாப்பாட்டு மேஜையில் பார்த்துச் சிரித்த பழக்கம். ஏன் நீங்கள் வெள்ளை கட்டவில்லை என்று சும்மா கேட்டிருக்கிறார். அக்கா கன்னடத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

நான் கூப்பிட வாயெடுத்தேன். கவிதா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

ஆம்பூர் வீடு, நடுவீட்டில் சுற்றிய புடவை, சாத்திய கதவு — எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பது வருஷத்தில் பெற்ற மகளிடம் சொல்லாததை, முந்தாநாள் வரை முகம் தெரியாத ஒருவரிடம். அழவில்லை. கதை கேட்கிறவருக்குப் புரிய வேண்டுமே என்று நிதானமாகச் சொன்னாள். எனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் எனக்கும் தெரியாத ஒன்று அதில் வந்தது. அவள் கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"வேலைக்குப் போன மொத நாளு தங்கச்சி புடவைய எடுத்துக் கட்டிக்கிட்டுப் போனேன். கேட்டா குடுத்திருப்பா. வேணும்னேதான் கேக்கல. ரெண்டு வருஷமா தண்ணி குடிக்கக்கூட ஒருத்தர் மொகத்தப் பார்த்துக்கிட்டிருந்தேன். யாரையும் கேக்காம ஒண்ணு செய்யணும்போல இருந்துச்சு."

நான் அப்போது அம்மாவிடம் போய், அக்கா என் புடவையை எடுத்துவிட்டாள் என்று புகார் சொன்னது ஞாபகம் வந்தது. அம்மா எனக்கு வேறு புடவை எடுத்துக் கொடுத்தாள்.

பிறகு, எப்படி மேலே வந்தாள் என்பதையும் சொன்னாள். அறையில் ஜன்னல் இல்லை. தலைக்கு மேலே தொம் தொம் என்று ஆடுகிற சத்தம். கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள்.

"அன்னைக்கும் இதேதானம்மா? வளைகாப்பு நடக்குது, நான் உள்ள உக்காந்திருக்கேன். அன்னைக்காவது அவங்க உக்கார வெச்சாங்க. இன்னைக்கு யாருமே சொல்லல... நானே போய் உக்காந்துக்கிட்டேன். அதான் எழுந்து வந்துட்டேன்."

தாவணகெரே அம்மாள் எதுவும் அறிவுரை சொல்லவில்லை. காலம் மாறிவிட்டது, மறந்துவிடுங்கள் என்றெல்லாம் ஆரம்பிக்கவில்லை. அக்காவின் முந்தானையைத் தொட்டுப் பார்த்தார். "ஹசுரு நிமகெ சென்னாகி ஒப்புத்தே," என்றார். பச்சை உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. அவ்வளவுதான். ஒருவர் மனதைத் திறந்து கொட்டினால் என்ன பதில் சொல்வது என்று நாம் எவ்வளவு தடுமாறுகிறோம்... அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது.

கவிதா போய் அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். அக்கா திடுக்கிட்டு முதலில் என்னைத்தான் முறைத்தாள். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

"நான் போய் மாத்திட்டு வரேன்மா," என்றாள் கவிதா.

"என்னாத்துக்கு? உனக்கு வெள்ளை நல்லா இருக்கு. நீ ஆசப்பட்டுப் போட்டது. கலர் மேல எனக்கு என்னா கோவம்? கட்டுன்னு சொன்னவங்க மேலதான்."

கவிதா அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். அக்கா அவள் காதில் இருந்த வெள்ளைப் பூவை நசுங்காமல் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். தாவணகெரே அம்மாள் எழுந்து, கடலைப் பார்க்கப் போகிறவர் மாதிரி கம்பிப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் இது கண்ணீர்க் கதையாகப் போயிருக்கும். பார்ட்டிக்காரர்கள் விடவில்லை. ரயில் ஆட்டம் என்று அறிவித்தார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போக வேண்டும். மைக் வைத்திருந்த பெண், ரயிலுக்கு எஞ்சின் தேடிக்கொண்டே எங்கள் பக்கம் வந்தாள். இருக்கிற நூற்றுக்கணக்கான பேரில் கண்ணில் பட்டது யார்? பச்சைப் புடவைதான். தீமுக்கு மாறாக வந்ததற்குக் கேள்வி கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முன்னால் நிறுத்திவிட்டாள்.

அக்கா திரும்பிக் கவிதாவைப் பார்த்தாள். கவிதா மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் தாவணகெரே அம்மாள். அப்புறம் சர்தார்ஜி, என் வீட்டுக்காரர், குஜராத்திகள், சீனர்கள்... பச்சை எஞ்சின், வெள்ளைப் பெட்டிகள். எதிரே வரக்கூடாது என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டவள் முன்னே போகிறாள், கப்பலே பின்னால் போகிறது. நீச்சல் குளத்தைச் சுற்றி, சாப்பாட்டு மேஜைகளைச் சுற்றி, மேடை மேலேயே ஏறி இறங்கினாள். சூப்பர்வைசர் அல்லவா? வரிசை விட்டு விலகியவர்களை ஒரு பார்வை பார்த்தாள். சீனர்களே பயந்து வரிசைக்கு வந்தார்கள்.

அப்புறம் போட்டோ. போட்டோகிராபர் எங்களை நிறுத்தி வைத்துப் பார்த்துவிட்டு, பச்சை அம்மா ஓரமாக நின்றால் நன்றாக இருக்கும் என்று கையால் காட்டினார். கவிதா அக்காவை நடுவில் இழுத்து நிறுத்தி, இப்போது எடுங்கள் என்றாள். அது இப்போது நீலசந்திரா வீட்டு ஹாலில் இருக்கிறது. என் சல்வாரைப் பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே போகலாம்.

மறுநாள் முழுக்க அம்மாவும் மகளும் மேல்தளத்தில் ஒரு குடைக்கு அடியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. அத்தான் எப்படிச் சிரிப்பார், கவிதாவுக்குப் பெயர் வைத்தது யார், ஆம்பூரில் எந்தத் தெரு, கடைசி நாளில் என்ன பேசினார்... கவிதா கேட்டுக்கொண்டே இருந்தாள். அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு தடவை இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னவென்று கேட்கப் போனேன். கவிதாவுக்கு இன்னும் என்மேல் கோபம் தீரவில்லை, இத்தனை வருஷம் தெரிந்தும் சொல்லவில்லையே என்று. அதனால் என்னிடம் சொல்லவில்லை.

இதையெல்லாம் எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். எழுதிக்கொள், வெறும் பச்சை என்று போடாதே, கிளிப்பச்சை என்று போடு என்றாள்.

எனக்கு ஒரு சந்தேகம். இதைப் பேசுவதற்கா நடுக்கடலுக்குப் போக வேண்டும்? நீலசந்திராவில், சொந்த வீட்டில் உட்கார்ந்து பேசியிருக்க முடியாதா? கவிதாவிடமே கேட்டேன். சின்ன வயதிலிருந்து அவள் கேட்காமல் இல்லையாம். அப்பா பேச்சை எடுத்த உடனே அம்மா அடுப்பில் பால் இருக்கிறது, குக்கர் விசில் வந்துவிட்டது என்று எழுந்து போய்விடுவாளாம்.

கப்பலில் அம்மாக்கள் எழுந்து போவதற்குச் சமையலறை கிடையாது.